கேட்காமல் விட்ட ஆறு பாட்டுகள்

உறையூர் பஞ்சுக்கிடங்குத் தெருவில் குடியிருந்த செங்குட்டுவனின் காதிலிருந்து பாட்டு வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் முடிவெட்டுகிற ராமானுஜம்தான், அதுவும் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறே காலுக்கு, வலது காதுக்குப் பின்னால் அடர்ந்திருந்த முடியைச் சீர் செய்வதற்காக அவர் காது மடலை இரண்டு விரலால் மடக்கிப் பிடித்தபோது. அவர் கத்தரியைக் கீழே வைத்தார். கடை ரேடியோவை நிறுத்தினார். மறுபடியும் குனிந்து, தன் காதை அவன் காதோடு ஒட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"தலைய அசைக்காதீங்க சார். உங்க காதுல பாட்டு ஓடுது."

"என் போனா இருக்கும்."

"போன் அந்த மேசை மேல கெடக்கு. இது காதுலதான் ஓடுது. ஒரு பொண்ணு பாடுது."

முறைக்குக் காத்திருந்த இரண்டு பேரும் எழுந்து வந்து ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து கேட்டார்கள். வலது காதில் குரல் வருகிறது என்றும் இடது காதில் வீணை மாதிரியும் இல்லாமல் கிட்டார் மாதிரியும் இல்லாமல் ஏதோ ஒரு கம்பி வாத்தியம் வருகிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். செங்குட்டுவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, ரோட்டில் ஆட்டோ போகிற சத்தம் கேட்டது, மூன்று பேர் தன் தலையைச் சுற்றி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பாட்டு மட்டும் உள்ளிருந்து வெளியே போனதே தவிர, அவனுக்குள் ஒரு துளி விழவில்லை.

"என்ன பாடுது?" என்று கேட்டான்.

"மூச்ச இழுத்துப் புடி, விடாத, விடாத, இப்ப விடுன்னு திரும்பத் திரும்ப வருது. நல்லா இருக்கு சார். யாரு இது?"

கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்குள் செங்குட்டுவன் தலையைக் குனிந்துகொண்டான்; அந்த வரி அவனுக்குத் தெரியும். "தெரியல" என்றான். அதுதான் முதல் பொய் என்று பின்னாளில் அவன் நினைத்துக்கொள்வதுண்டு, ஆனால் அது முதல் பொய் அல்ல.

செங்குட்டுவன் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளன். அவனை நாலு பேருக்குத் தெரிந்திருந்தது அந்த வேலையால் அல்ல, ஓர் இணைய இதழில் ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் எழுதிவந்த பத்தியால்; சினிமாவில் சேராமல், கம்பெனிகளின் கையில் அகப்படாமல், வீட்டு அறையிலும் மொட்டை மாடியிலும் தாங்களே பாடிப் பதிந்து தாங்களே வெளியிடுகிறவர்களின் புதுப் பாட்டுகளைக் கேட்டு, எது தேறும் எது தேறாது என்று பன்னிரண்டு வரியில் சொல்லிவிடுகிற பத்தி அது. ஆரம்பத்தில் ஒவ்வொரு தொகுப்பையும் மூன்று முறை கேட்டான். பிறகு ஒரு முறை. பிறகு வாரத்துக்குப் பத்து, பதினைந்து என்று வந்து குவிந்தபோது முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும். அதன்பிறகு எவ்வளவு கேட்டான் என்பதை அவனே தன்னிடம் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டான்.

அந்தத் தொகுப்பு வந்தது மூன்று வாரம் முன்னால். பெயர் ‘ஈயக்கதவு’. அனுப்பியவள் பெயர் இன்ஃபென்டா. கூடவே ஒரு சிறிய கடிதமும் எழுதியிருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் மையத்தில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை தனக்கு; எக்ஸ்ரே அறைக்குக் கனத்த சுவரும் ஈயத்தகடு வைத்த கதவும் உண்டு; கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எதுவும் வராது; மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே உட்கார்ந்து ஒன்றரை வருஷமாகப் பாடிப் பதிந்த ஆறு பாட்டுகள் இவை; கேட்டுப்பார்த்துக் குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று இருந்தது அந்தக் கடிதம். செங்குட்டுவன் அதைச் சத்திரம் பஸ் நிலையம் போகிற டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தான். நின்றுகொண்டே முதல் பாட்டைத் தட்டினான். அவன் இறங்குகிற இடம் வந்தபோது நாற்பது விநாடி ஓடியிருந்தது, அதற்குள் அவன் தலைக்குள் ஒரு வாக்கியம் பிறந்திருந்தது: ‘இந்தப் பாட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன், உள்ளே எலும்பே இல்லை.’

அப்படி ஒரு வாக்கியம் பிறந்தபிறகு மிச்சத்தைக் கேட்பதற்கு என்ன தேவை இருக்கிறது. அதைக் கடைசி வரியாக வைத்துக்கொண்டு, அதைத் தாங்கிப்பிடிக்க மேலே பதினோரு வரி எழுதினான். நான்காவது பாட்டில் தாளம் குரலை அமுக்கிவிடுகிறது என்று ஒரு வரி. வெள்ளிக்கிழமை அது வெளிவந்து, மூவாயிரம் பேர் அந்தக் கடைசி வரியை மட்டும் தனியாக எடுத்துப் பகிர்ந்து சிரித்தார்கள். அன்றைக்குச் செங்குட்டுவன் கால் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனான்.

இப்போது அந்தப் பாட்டு அவன் காதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை இணையத்தில் ‘ஈயக்கதவு’ என்று தேடினான். அந்தப் பக்கம் இல்லை. பாட்டுகள் நீக்கப்பட்டுவிட்டன என்று ஒரு சாம்பல் நிற வரி மட்டும் நின்றது. அவளுடைய கடிதத்தோடு வந்த இணைப்பைத் தட்டினான், அதுவும் திறக்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஆறே காலுக்குத் தொடங்கி முப்பது நிமிஷம் ஆறு பாட்டும் ஓடின. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டான். பஞ்சின் வழியாகப் பாட்டு கசிந்து வந்தது. வெயில் காலத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடந்தான், மஃப்ளர் பாடியது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனான். அவர் குழாயை வைத்துக் கேட்கத் தொடங்கியவர், வெளியே பதினேழு நோயாளிகள் காத்திருக்க, முப்பது நிமிஷமும் குனிந்தபடியே கேட்டு முடித்துவிட்டு, காதில் எந்தக் குறையும் இல்லை என்றார். சொட்டு மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைப் போட வேண்டாம் என்றும் சொன்னார்.

தெருவுக்குள் விஷயம் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவன் மனைவி ரேணுகா வீட்டு முன்னறையில் ரவிக்கை தைக்கிறவள். அளவு கொடுக்க வந்த பெண்கள், ஆறே காலுக்கு உள்ளறையிலிருந்து வந்த குரலைக் கேட்டு, அளவு கொடுத்து முடிந்தபிறகும் போகாமல் உட்கார்ந்தார்கள். அடுத்த நாள் அளவு இல்லாமலே வந்தார்கள். அதற்கடுத்த நாள் புருஷன்மாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு மூட்டில் தண்ணீர் கோத்திருந்தது, எதிர்வீட்டில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் இருந்தது, அதுபோல இந்தத் தம்பிக்குக் காதில் பாட்டு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். போனில் பதிந்து பார்த்தார்கள். போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. ஆக, கேட்க வேண்டுமென்றால் வரத்தான் வேண்டும்.

கூட்டம் சேர்ந்ததும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அரங்கநாயகம் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு நோட்டில் கோடு போட்டு, வலது பக்கம் பன்னிரண்டு நாற்காலி, இடது பக்கம் பன்னிரண்டு, எதிரே இரண்டு காதும் கேட்கிற இடத்தில் ஆறு, மிச்சம் பேர் வாசலில் என்று பிரித்து, யார் எந்த நாளில் எந்தப் பக்கம் என்று முன்பதிவு எழுதினார். தினமும் நாற்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். ரேணுகா தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி இடம் செய்துகொடுத்தாள். நடுவில் ஒரு ஸ்டூலில் செங்குட்டுவன் உட்கார்ந்திருப்பான், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

அவன் பார்த்ததெல்லாம் முகங்களை. இரண்டு வருஷமாகத் தூக்கம் இல்லாமல் திரிந்த மின்வாரிய ஊழியர் ஒருவர் இரண்டாவது பாட்டு தொடங்கியதும் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவதைப் பார்த்தான். பாகப்பிரிவினைச் சண்டையில் ஏழு வருஷமாகப் பேசாத அக்கா தங்கை இரண்டு பேர், எதிரெதிர்ப் பக்கம் இடம் கிடைத்து, தன் தலைக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதையும், ஒருநாள் ஒருத்தி மற்றவளிடம், "உனக்கு அந்தப் பக்கம் என்ன வருது?" என்று கேட்டதையும் பார்த்தான். எல்லார் முகத்திலும் ஒன்று நடந்தது, தண்ணீருக்குள் யாரோ கை விட்டுத் துழாவுகிற மாதிரி. அது என்னவென்று அவனுக்கு மட்டும் தெரியவில்லை. ஒன்பது வருஷம் ஊருக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவன், ஊரே கேட்கிற ஒன்றுக்கு நடுவில் செவிடனாக உட்கார்ந்திருந்தான்.

ஒருநாள் பாட்டு முடிந்ததும் அரங்கநாயகம் அவன் தோளைத் தட்டினார். "தம்பி, இன்னிக்கு எனக்கு இடது பக்கம். நாலாவது பாட்டு வந்தப்ப இந்தக் காதுல சத்தமே இல்ல. என்னடா ரிப்பேரான்னு பயந்துட்டேன். அப்புறம் ராமானுஜம்தான் சொன்னாரு, அந்தப் பாட்டுல வாத்தியமே கெடையாதாம், பொண்ணு தனியாப் பாடுதாம். இடது பக்கத்து ஆளுங்க அஞ்சு நிமிஷம் ஒண்ணும் கேக்காம உக்காந்திருந்தோம். யாரும் எந்திரிக்கல, பாத்தியா."

செங்குட்டுவன் தலையாட்டினான். தாளம் குரலை அமுக்குகிறது என்று தான் எழுதிய வரி நெஞ்சுக்குள் எங்கோ போய்க் குத்திக்கொண்டு நின்றது. இல்லாத தாளம். அதை மூவாயிரம் பேர் நம்பியிருந்தார்கள்.

"யாரு பாட்டு தம்பி இது? உனக்குக்கூடவா தெரியல?"

"தெரியல சார்."

தெரியவில்லை என்று அவன் சொல்லச் சொல்ல, தெருவே அதற்கு ஒரு விடை கண்டுபிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் இவ்வளவு பாட்டுக் கேட்டவன், அது அத்தனையும் உள்ளே ஊறிப் புளித்து ஒரு புதுப் பாட்டாகப் பொங்கி வழிகிறது, ஆகவே இது அவன் பாட்டுதான் என்று முடிவு செய்தார்கள். சங்கத்தின் ஆண்டுவிழாவில் அவனை மேடையேற்றி, பச்சை ஜரிகை போட்ட சால்வை போர்த்தி, ‘செவியிசைச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். மைக்கில் பேசச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லிவிடுவதற்காகத்தான் எழுந்தான். எதிரே அந்த அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தான். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கைதட்டினார்கள். சால்வை கழுத்தில் அரித்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ரேணுகா சால்வையை மடித்து வைத்தாள். பிறகு தன் போனை அவன் முன்னால் நீட்டினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் எழுதியது ஒன்றையும் அவள் படித்ததில்லை. அவன் வேலை அவனோடு, தன் வேலை தன்னோடு என்று இருப்பவள். போனில் அவன் பத்தி இருந்தது. அதில் ‘மூச்சை இழுத்துப் பிடி’ என்ற வரியை எடுத்துப் போட்டு, கவிதை என்றால் இனி டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று அவன் கேலி செய்திருந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

"இந்தப் பொண்ணுதான பாடுது?"

அவன் போனிலிருந்து கண்ணை எடுத்தான்.

"மைக்க கையில குடுத்தாங்க. அப்பக்கூட சொல்லல நீங்க."

"சொல்லணும்னுதான் எழுந்தேன் ரேணு."

"நீங்க இத முழுசாக் கேட்டீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"தெனம் நாப்பது பேரு வந்து கேட்டுட்டுப் போறாங்க. படிச்சவங்க, படிக்காதவங்க, எல்லாரும். ஒருத்தர்கூட எலும்பு இல்லன்னு சொல்லல. போயி அந்தப் பொண்ணப் பாத்துட்டு வாங்க. நான் எழுதிப் போட மாட்டேன், நான் போன் பண்ண மாட்டேன். நீங்கதான் போகணும்."

நான்கு நாள் தள்ளிப்போட்டான். ஐந்தாம் நாள் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை பஸ் ஏறினான். ஸ்கேன் மையத்தில் போய் இன்ஃபென்டாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. அங்கேயே ஒரு டாக்டரிடம் இருமல் என்று பொய் சொல்லி, நெஞ்சுப் படம் எடுக்கச் சீட்டு வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தான். நூற்றுப் பதினான்கு என்று அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அறைக்குள் போனதும் பின்னால் கனத்த கதவு சாத்திக்கொண்டது. உண்மையிலேயே வெளிச்சத்தம் நின்றுபோனது. நீலக் கோட்டு போட்ட பெண், முப்பது வயசு இருக்கும், அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"சட்டையக் கழட்டிட்டு இந்தத் தட்டுல நெஞ்ச ஒட்டி நில்லுங்க. தாடைய மேல வைங்க. கைய இடுப்புல வச்சு தோள முன்னால தள்ளுங்க."

அவன் கழற்றினான். தட்டு குளிர்ந்திருந்தது. தொப்பை விழுந்த நாற்பத்தொரு வயது உடம்போடு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி வைத்து நின்றான். அவள் தடுப்புக்குப் பின்னால் போய்ச் சீட்டை எடுக்கிற சத்தம் கேட்டது.

"பத்தி எழுதுற செங்குட்டுவனா?"

"ஆமா."

பிறகு, எல்லாரிடமும் சொல்கிற அதே குரலில், "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றாள். அவன் பிடித்தான். அவள் பொத்தானை அழுத்தத் தாமதம் செய்தாளா, அவனுக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. "விடுங்க" என்றாள்.

சட்டையைப் போட்டுக்கொள்ளாமலே திரும்பி நின்று அவன் சொன்னான். காதைப் பற்றிச் சொன்னான், தெருவைப் பற்றிச் சொன்னான், ஆறே காலைப் பற்றிச் சொன்னான். மன்னிப்பு என்கிற சொல்லையும் சொன்னான். அந்த அறையில் அந்தச் சொல் எதிரொலிக்காமல் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"அந்தப் பாட்டு எங்கயும் இல்ல சார்" என்றாள் இன்ஃபென்டா. "நீங்க எழுதினத எங்க டாக்டரே ஸ்டாஃப் குரூப்ல போட்டாரு, சிரிக்கிற படம் வச்சு. இனிமே இந்த ரூம்ல பாடக் கூடாதுன்னாரு. படம் எடுக்க வர்றவங்கள்ல ரெண்டு பேரு என்னப் பாத்து எலும்பு இருக்கான்னு கேட்டாங்க. ஒரு மத்தியானம், அதோ அந்த ஸ்டூல்ல உக்காந்து, ஒவ்வொண்ணா அழிச்சேன். இன்டர்நெட்ல இருந்தது, கம்ப்யூட்டர்ல இருந்தது, எல்லாம். ஆறும் போயிடுச்சு."

"என் காதுல இருக்கும்மா."

அவள் அவனை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சட்டையப் போட்டுக்குங்க. வெளிய உக்காருங்க, படம் தருவோம்."

அரைமணி கழித்து அவளே வந்து உறையைக் கையில் கொடுத்தாள். "எலும்பெல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். அவன் தன் முகவரியைச் சீட்டின் பின்பக்கம் எழுதி, கவுன்டரில் வைத்துவிட்டு வந்தான்.

அவள் வரமாட்டாள் என்று அவன் நினைத்தான். வரக்கூடாது என்றும் நினைத்தான். இரண்டு ஞாயிறு தள்ளி, ஆறு மணிக்கு, தோள்பையோடு தெருவுக்குள் வந்தாள். வாசலில் அரங்கநாயகம் நோட்டைத் திறந்து, "முன்பதிவு இருக்காம்மா?" என்று கேட்டார். ரேணுகா எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து எதிரே இருந்த ஆறு நாற்காலிகளில் நடு நாற்காலியில் உட்கார வைத்தாள். யார் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஆறே கால் ஆனது. செங்குட்டுவனுக்கு எதுவும் கேட்கவில்லை, ஆனால் எப்போது தொடங்கியது என்று அவள் முகத்தில் தெரிந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து, அசையாமல் கேட்டாள். செத்துப்போன ஒருத்தி சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவள்போல இருந்தாள். நாலாவது பாட்டில் அவள் உதடு அசைந்தது. ஆறாவது முடிந்ததும் அரங்கநாயகம் நோட்டை மூடினார். அப்போது அவள் கேட்டாள்.

"மொதப் பாட்டு எப்பவும் இப்படி நடுவுலேர்ந்துதான் வருமா?"

"மொத நாளுலேர்ந்து அப்படித்தாம்மா" என்றார் ராமானுஜம். "கதவு தொறந்தப்புறம் உள்ள நுழையிற மாதிரி இருக்கும்."

"அதுக்கு முன்னாடி நாப்பது செகண்டு இருக்கு. அது மட்டும் வரல."

அவள் செங்குட்டுவனைப் பார்த்தாள். அவன் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். அவசரத்தில் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன், கவனம் இல்லாமல் எழுதிவிட்டேன் என்கிற மாதிரி, உண்மைக்கும் பொய்க்கும் நடுவில் கால் வைத்து நிற்கிற ஒரு பதில். புதுக்கோட்டையில் சட்டையில்லாமல் நின்றபோதுகூட அதைத்தான் சொல்லியிருந்தான். இப்போது நாற்பது பேர் அவனைப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் அவன் காதைப் பார்க்கவில்லை.

"அந்த நாப்பது செகண்டுதான் நான் கேட்டது" என்றான்.

"மிச்சம்?"

"கேக்கல."

"நாலாவது பாட்டுல தாளம் குரல அமுக்குதுன்னு எழுதியிருந்தீங்க."

"எழுதினேன்."

"அதுல தாளமே கிடையாது சார்."

"தெரியும். இவங்க சொல்லித்தான் தெரியும்."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவனே சொன்னான். பத்தியைப் பற்றி, கடைசி வரியைப் பற்றி, மூவாயிரம் பேரைப் பற்றி, மிக்சரைப் பற்றிக்கூட. யாரும் திட்டவில்லை. அரங்கநாயகம் ரேணுகாவிடம் போய் மெதுவாக அந்தச் சால்வையைக் கேட்டு வாங்கி, இன்ஃபென்டாவுக்குப் போர்த்தப் போனார். "வேண்டாங்கய்யா, வெக்கையா இருக்கு" என்று அவள் கையால் தடுத்தாள். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

மறுநாளும் தெரு வந்தது. ஆனால் அதுவரை, "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா" என்று அவனிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள், இப்போது கேட்காமல் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவன் தலைக்கு மேலாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் அவன் முகவாயைப் பிடித்துக் கொஞ்சம் இப்படித் திருப்பி வைத்தார், சத்தம் சரியாக வருவதற்கு. செங்குட்டுவன் திரும்பிய பக்கமே இருந்தான். ரேடியோவுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

இன்ஃபென்டா ஞாயிறுதோறும் வந்தாள். அவனைப் பார்ப்பதற்கு அல்ல. ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஞாயிறுக்கு ஒரு பாட்டாக, வரியையும் சுரத்தையும் எழுதிக்கொண்டாள். பாடிப் பதிந்தவளுக்கே பல இடங்கள் மறந்துபோயிருந்தன. எங்கே பாடுவது என்று கேள்வி வந்தபோது, ரேணுகா தையல் அறையின் நாலு சுவரிலும் வெட்டு மிச்சத் துணிகளையும் பழைய புடவைகளையும் இரண்டு மூன்று மடிப்பாகத் தொங்கவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பேசினால் பஞ்சு மூட்டைக்குள் பேசுகிற மாதிரி இருந்தது.

"இது போதுமாம்மா?"

"இது நல்லா இருக்குக்கா. எங்க ரூம்ல மருந்து நாத்தம் வரும்."

ஒரு ஞாயிறு சாயங்காலம் எழுதிக்கொண்ட பாட்டை அடுத்த ஞாயிறு காலையில் அவள் பாடிப் பதிவாள். எந்தப் பாட்டை அவள் பதிந்து முடித்தாளோ, அது அன்று சாயங்காலம் அவன் காதிலிருந்து வரவில்லை. முதலில் ஆறு ஐந்தானது, பிறகு நான்கானது. தெரு அதையும் சரியென்று எடுத்துக்கொண்டது. பாட்டு அதன் வீட்டுக்குப் போகிறது என்றார்கள். அரங்கநாயகம் நாற்காலிகளைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஏழாவது ஞாயிறு ஆறே காலுக்குக் குனிந்து கேட்ட ராமானுஜம், "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லி நிமிர்ந்தார். சாயங்காலத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தெரு கொஞ்ச நாள் வாசலில் நின்றது.

இதற்கிடையில் செங்குட்டுவன் தன் கடைசிப் பத்தியை எழுதினான். ‘ஈயக்கதவு தொகுப்பில் நான் கேட்டது நாற்பது விநாடி. மிச்சத்தைப் பற்றி எழுதியதெல்லாம் பொய். அதில் இல்லாத தாளத்தை நான் கேட்டதாக எழுதினேன்’ என்று ஆரம்பித்து, பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டு, வேறு எந்தெந்தத் தொகுப்புகளைக் கேட்காமல் எழுதினான் என்று நினைவில் வந்தவரை நூற்று முப்பது பெயர்களைக் கீழே வரிசையாகப் போட்டிருந்தான். இதழாசிரியர் போன் செய்து, இவ்வளவு பச்சையாக வேண்டாமே, கவனக்குறைவு என்று போட்டுக்கொள்ளலாமே என்றார். அப்படியே போடுங்கள், இனிமேல் நான் எழுதவில்லை என்றான். வெளிவந்தது. ஒன்பது பேர் பகிர்ந்தார்கள். நூற்று முப்பது பேரில் இருவர் பதில் எழுதினார்கள். ஒருவர் பாடுவதையே விட்டுவிட்டதாக எழுதியிருந்தார், மற்றவர் எழுதியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

புதிய ‘ஈயக்கதவு’ வெளிவந்த வாரம் தெருக்காரர்கள் போனில் போட்டுக் கேட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் காதில் வந்தபோது இருந்த மாதிரி இல்லை என்று பாதிப் பேர் சொன்னார்கள். இன்ஃபென்டா அதைக் கேட்டுச் சிரித்தாள். செங்குட்டுவனுக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை. தெருவில் அந்தப் பாட்டை ஒருமுறையும் கேட்காதவன் அவன் ஒருவன்தான். வெளிவந்துவிட்டதே, தட்டினால் கேட்டிருக்கலாம். அவள் கொடுக்காமல் எடுத்துக் கேட்க அவனுக்குக் கை வரவில்லை.

தொங்கவிட்ட புடவைகளை அவிழ்த்து மடிக்க அவள் கடைசியாக வந்த அன்று, மத்தியானம், ரேணுகா உள்ளே காபி போட்டுக்கொண்டிருக்க, அவன் மடிக்கிற பக்கம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் பேசாமல் தன் போனை எடுத்து, ஹெட்போனை மாட்டி, அவனிடம் நீட்டினாள்.

அவன் கீழே உட்கார்ந்து கேட்டான். நாற்பதாவது விநாடி வந்தபோது அவன் கை தானாகவே போனை நோக்கிப் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். நாற்பத்தொன்றாவது விநாடியில் கம்பி வாத்தியம் நின்று, குரல் மட்டும் ஒரு படி கீழே இறங்கியது. இத்தனை மாதம் நாற்பது முகங்களில் தான் பார்த்தது என்னவென்று அங்கே அவனுக்குத் தெரிந்தது. ஆறும் முடிந்தது. காபி ஆறிப்போயிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து கேட்டான். அவள் மிச்சமிருந்த புடவைகளையெல்லாம் மடித்து முடித்துவிட்டு, தையல் மெஷினில் சாய்ந்து நின்றாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

ஒன்பது வருஷத்தில் நானூற்று அறுபது பத்தி எழுதியவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. வருகிற வாக்கியங்களெல்லாம் அழகாக இருந்ததால் ஒவ்வொன்றாகத் தள்ளினான்.

"அஞ்சாவது பாட்டுல" என்றான் கடைசியில், "ரெண்டாவது சரணம் முடியிற எடத்துல, ‘ஊரணி’ங்கற சொல்லு வருதுல்ல, அங்க சுருதி ஒரு மயிரிழை இறங்குது."

சொன்ன பிறகு பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"ஆமா. இறங்குது. நாலு தடவ பாடிப் பாத்தேன், நாலு தடவையும் அங்கயே இறங்குது. பழைய பதிவுலயும் அப்படித்தான். இதுவரைக்கும் யாரும் சொல்லல."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் விரித்து, பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"வேற?" என்று கேட்டாள்.

அதைச் சொல்வதற்கு இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றான் செங்குட்டுவன். அவள் போனை அவன் பக்கம் தள்ளினாள்.